மொட்டை மாடியில் ஒரு கடற்படை

மணிமங்கலத்தில் கடல் கிடையாது. தாம்பரத்தில் ஏறி முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் நடுவழியில் வருகிற ஊர் எங்களுடையது. ஒரு பக்கம் ஒரகடத்துக் கம்பெனி பஸ்கள், இன்னொரு பக்கம் பெரிய ஏரி, நடுவே பழைய கோயில்கள், அதற்கும் நடுவே 'மனைகள் விற்பனைக்கு' போர்டுகள். இந்த ஊரில் குடியிருந்துகொண்டு, குழந்தைகளுக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பது பற்றி எழுத வந்திருக்கிறாயே, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது.

முதல் பதில், சரித்திரம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன், சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்று மணிமங்கலம். கூரம் செப்பேடு சொல்கிறது. ஓடுகிற புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் 'விஜயம்' என்று எழுதினானாம் நரசிம்மவர்மன். (கணக்கில் தோற்ற பையனின் முதுகில் வாத்தியார் எழுதியது மாதிரி!) அதே நரசிம்மவர்மன்தான் மானவர்மன் என்கிற இலங்கை இளவரசனுக்காகக் கப்பல்களில் படை அனுப்பியவன். ஆகவே மணிமங்கலத்துக்கும் கப்பலுக்கும் 1300 வருஷத்துக்கு மேலாகச் சம்பந்தம் உண்டு என்று அடித்துச் சொல்வேன். சரித்திரப் பேராசிரியர்கள் மன்னிக்க.

இரண்டாவது பதில், தண்ணீர். இதில் தமாஷ் கிடையாது.

சென்னைக்காரர்கள் பாலத்தின் மேல் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார்களே அடையாறு, அது பிறக்கிற இடம் எங்கள் பக்கம்தான். மணிமங்கலம், ஆதனூர் வட்டாரத்து ஏரிகளின் உபரித் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகச் சேர்ந்து, 40 சொச்சம் கிலோமீட்டர் நடந்து கடலுக்குப் போகிறது. சாதாரண வருஷங்களில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். சில வருஷங்களில் அது நம்மைத் தேடிக்கொண்டு வந்துவிடும். 2015 டிசம்பர் 1-ம் தேதி அப்படித்தான் வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. முடிச்சூர் ரோட்டில் பஸ் போகவில்லை, படகு போனது. மீனவர்கள் தங்கள் பிழைப்பை விட்டுவிட்டு, படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மொட்டை மாடிகளில் தவித்தவர்களை இறக்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி முழுகின.

அந்த மிக்ஜாமுக்கு அடுத்த மாதம், எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் என் மச்சான் ஒரு பெரிய அட்டைப்பெட்டியுடன் வந்து இறங்கினான். உள்ளே காற்றடைக்கிற ரப்பர் படகு. இரண்டு துடுப்பு. காலால் மிதிக்கிற பம்ப்.

"எதுக்குடா இது?" என்றார் என் மாமியார்.

"அடுத்த வெள்ளத்துக்கும்மா."

"வாயக் கழுவு!"

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அங்கே பாதுகாப்புக் கமிட்டியிலும் மெம்பர். ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிஷம் எல்லோரையும் நிற்க வைத்து, 'இன்றைக்கு எங்கே அடிபடலாம்' என்று பேசுகிற வழக்கம் அந்தக் கம்பெனியில் உண்டு. அதே வழக்கத்தை வீட்டிலும் கொண்டுவந்துவிடுவான். அவன் வீட்டுக் குக்கருக்குப் பக்கத்தில்கூட 'ஜாக்கிரதை' ஸ்டிக்கர் உண்டு.

மொட்டை மாடியில் படகை ஊதியதும் பெரியவர்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தவர்கள் குழந்தைகள்தான். என் பெண், 11 வயசு. என் பையன், 8. மச்சான் மகள் குட்டி, 5. யார் துடுப்புப் போடுவது என்று அடிதடி ஆரம்பமாயிற்று. பையன் மட்டும் வெளியே நின்று படகையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமா, இதை எப்படி கீழ இறக்குவீங்க?" என்றான்.

மச்சான் டேப் எடுத்து அளந்தான். ஊதிய படகு படிக்கட்டில் இறங்காது! வெள்ளம் வந்த ராத்திரியில் தெரியவேண்டிய விஷயம், வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்தது. கண்டுபிடித்தவன் மூன்றாங் கிளாஸ். படகை ஊதவேண்டிய இடம் மாடி அல்ல, முதல் மாடி வராந்தா என்று முடிவாயிற்று.

அன்று ராத்திரி வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 'பிள்ளைகளைப் படகுக் கிட்டவே சேர்க்கக்கூடாது. தூக்கி உட்கார வைத்து, தூக்கி இறக்க வேண்டும், அவ்வளவுதான்' என்பது மாமியார் கட்சி. என் மனைவியும் அதில் சேர்ந்தாள். 'ஆளுக்கொரு வேலை கொடுத்துப் பழக்க வேண்டும்' என்பது மச்சான் கட்சி. நான் பி.காம். இரண்டு பக்கமும் டாலி ஆகாமல் எந்தப் பக்கமும் கையெழுத்துப் போடமாட்டேன். "படகிலேயே பிறந்து வளர்ந்தவங்களைப் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

வண்டலூர் - மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு எங்கள் ஊருக்குக் கிட்டேதான் போகிறது. மொத்தம் 62 கிலோமீட்டர். ரோடு முடிகிற மீஞ்சூரிலிருந்து பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு. பைக்கில் போனால் முதுகு வலிக்கும். வழியில் டீ நன்றாக இருக்கும்.

பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். இப்போது கோட்டை இடிந்து புதராகிவிட்டது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் அழகாக இருக்கின்றன. கரையில் பச்சை, நீலம், மஞ்சள் என்று ஃபைபர் படகுகள். காற்றில் கருவாடு. தூரத்தில், தண்ணீரில் நட்டுவைத்த மாதிரி பூநாரைகள்.

ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். பார்த்தால் பயமே வராது. பயம் வராததுதான் ஆபத்து. 2011 கிறிஸ்துமஸ் அன்று, ஞாயிற்றுக்கிழமை, உல்லாசமாக வந்த குடும்பத்தார் ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். அளவுக்கு மீறிய கூட்டம், யாருக்கும் லைஃப் ஜாக்கெட் கிடையாது. படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். குழந்தைகளும் உண்டு. நான் சவாரி எதுவும் போகவில்லை. கரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

பத்து மணி வாக்கில் ஒரு சின்னப் படகு கரைக்கு வந்தது. பின்னால் நின்று கழி ஊன்றுகிறவர் அப்பா. முன்னால், அணியத்தில், கயிற்றுச் சுருளைக் கையில் பிடித்தபடி ஒரு பையன். பன்னிரண்டு வயசு இருக்கும். நடுவே இன்னொரு சின்னவன் வெட்டிய பிளாஸ்டிக் கேனால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தான். படகு மணலைத் தொடும்வரை யாரும் இடத்தை விட்டு எழவில்லை. தொட்டதும் அப்பா ஒரு சத்தம் கொடுத்தார். பெரியவன் குதித்து கயிறை முளையில் சுற்றினான். அதற்கப்புறம்தான் சின்னவன் எழுந்தான். ஒரு பஸ் டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்தது.

டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"லீவு நாளு சார். இஸ்கூல் இருந்தா இட்டுனு போவமாட்டேன்" என்றார் முதலிலேயே. (சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2016-ல் திருத்திய சட்டப்படி 14 வயசுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில், சொந்தக் குடும்பத்துக்கு ஒத்தாசை செய்யலாம்.)

"என்ன வயசிலண்ணே கத்துக் குடுப்பீங்க?"

"வயசு இன்னா சார் வயசு? மொதல்ல நீச்சலு. நீச்சலு வந்தாத்தான் படகு. படகுல ஏறுனா மொதல்ல சும்மா குந்தணும். குந்தறதுதான் பெரிய படிப்பு. அதுக்கப்புறம் தண்ணி இறைக்கறது. அப்புறம் கயிறு. கழி கட்சீல. எஞ்சினு பக்கம் மீசை மொளைக்காம வுடறதில்ல."

"பிள்ளைங்களைச் சும்மா உட்கார வச்சுக் கூட்டிப்போனா பத்திரமில்லையா?"

என் மாமியாரின் கேள்வியை அவரிடம் அப்படியே கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"வேலை இல்லாத புள்ளதான் சார் ஆபத்து. மீனு துள்னா எய்ந்து பாக்கும். கொக்கு பறந்தா இந்தாண்ட சாயும். கையில கேன குடுத்துட்டா கண்ணு தண்ணி மேலயே இருக்கும். டவுன்காரங்க வந்தா இன்னா பண்றீங்க? போட்டோ எடுக்கறேன்னு அல்லாரும் ஒரே பக்கமா எய்ந்து நிக்கறீங்க."

ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. டீயைக் குடித்தேன்.

"உங்க பசங்களுக்கு லைஃப் ஜாக்கெட்?" என்றேன்.

"அதுங்க மீனு சார்!"

அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், இந்த ஒன்றைத் தவிர. படகு புரளும்போது விளிம்பு மண்டையில் பட்டு மயங்கிவிட்டால், நீச்சல் தெரிந்தவனும் கல்தான். மயங்கினவனையும் மிதக்க வைக்கிறது ஜாக்கெட் ஒன்றுதான். அமெரிக்காவில் ஓடுகிற உல்லாசப் படகின் திறந்த தளத்தில் 13 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும். நார்வேயில் 2015-லிருந்து, 8 மீட்டருக்குக் குறைந்த உல்லாசப் படகு என்றால் பெரியவர்களும் போட வேண்டும். நம் ஊருக்கு இந்தப் பாடம் எத்தனை தடவை வந்தது! 2024 ஜனவரியில் வடோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிக்கூடப் பிக்னிக் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 டீச்சர்களும் இறந்தார்கள். படகில் இருந்த எல்லோருக்கும் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

'பரம்பரையாகக் கடலில் இருக்கிறவர்களுக்குச் சரி, நமக்கு எப்படி?' என்று மனைவி கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் பதில் தேடினேன். சென்னையிலேயே கிடைத்தது.

சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று ஒன்று 1911-லிருந்து இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் பயிற்சி தருகிறது. பிள்ளைகள் பழகுகிற படகுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். 1947-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே பிளைவுட்டில் வரைந்த படகு. நீளம் 2.3 மீட்டர். பார்த்தால் பாய் கட்டின குளியல் தொட்டி. 15 வயசு வரைக்கும்தான் அதில் போட்டி போடலாம். அதில் அப்பாவும் கிடையாது, அம்மாவும் கிடையாது. பிள்ளை ஒருத்தனே மாலுமி, ஒருத்தனே கேப்டன். பெரியவர்கள் மோட்டார் படகில் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

ஆரம்பப் பாடங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? படகைக் கவிழ்ப்பது! வேண்டுமென்றே கவிழ்த்து, அதைப் பிடித்துக்கொண்டே இருந்து, நிமிர்த்தி, ஏறி, தண்ணீரை இறைக்க வேண்டும். ஒருமுறை தானே கவிழ்த்தவனுக்கு, தானாகக் கவிழ்ந்தால் கை கால் உதறாது. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2009-ல் ஒரு கோடைக்கால முகாமில்தான் பாய்மரப் படகைத் தொட்டார். 2021-ல், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். பரம்பரை எல்லாம் இல்லை. முறையாகக் கற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் கொடுத்தேன். மாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, குந்தறதுதான் முதல் படிப்புன்னாரே, அதை முதல்ல சொல்லிக் குடுங்க. பாடத்துக்கு நானும் வரேன்" என்றார். கூட்டணி ஆட்சி அமைந்தது.

படகை எங்கள் ஏரியில் விடவில்லை. ஏரி அரசாங்கத்துடையது, அடியில் சேறு எவ்வளவு என்று தெரியாது, மதகுப் பக்கம் தண்ணீர் இழுக்கும். ஆகவே முதல் இரண்டு மாதம் மொட்டை மாடியிலேயே, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், படகுப் பயிற்சி. எதிர்வீட்டுக்காரர் முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இரண்டாம் வாரம் அவரும் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் கணக்கு. அது என் இலாகா. படகின் மேல் '5 பேர், 450 கிலோ' என்று அச்சடித்திருக்கிறது. வீட்டில் எட்டுப் பேர். மச்சான் 82 கிலோ, நான் 71, மாமியார் 60. என் மனைவி எடையைச் சொல்ல மறுத்ததால் 'இதர வகை' என்று எழுதிக்கொண்டேன். குழந்தைகளுக்கு எடை குறைவு என்பதால் ஒன்றிரண்டு பேரைக் கூட அடைக்கலாம் என்று தோன்றும். கூடாது. தலை என்றால் தலைதான்; குழந்தையும் ஒரு தலை. எனவே இரண்டு நடை. எந்தக் கரையிலும் குழந்தைகள் மட்டும் தனியாக நிற்கக்கூடாது என்று இன்னொரு நிபந்தனை. ஆடு, புலி, புல்லுக்கட்டுக் கதைதான்! பெண் பென்சிலை எடுத்து உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தாள். முதல் நடையில் மச்சான், அவன் மனைவி, பாட்டி, குட்டி. இரண்டாவது நடையில் மச்சான், நான், என் மனைவி, பெண், பையன். ஐந்துக்கு மேல் ஒரு தலை கிடையாது.

அடுத்து ஜாக்கெட். குழந்தைக்கு 'வளர்ந்தாலும் போடலாம்' என்று பெரிய சைஸ் வாங்குவது நம் ரத்தத்தில் ஊறியது. தீபாவளிச் சட்டைக்குச் சரி, இதற்குக் கூடாது. பக்கிள், பட்டை எல்லாம் மாட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிசு. தண்ணீரில் குழந்தை கீழே நழுவிவிடும். சின்னவர்களுக்குக் கால் இடுக்கில் போகிற பட்டையும் வேண்டும். கையில் மாட்டுகிற காற்று வளையம், வாத்துப் பொம்மை எல்லாம் விளையாட்டுச் சாமான். பாதுகாப்புச் சாமான் இல்லை.

பிறகு ஆளுக்கொரு வேலை. ஒரே ஒரு வேலை.

பெண்ணுக்கு அணியம். கழியை வைத்துக்கொண்டு முன்னால் பார்க்க வேண்டும். வெள்ளத் தண்ணீரில் படகுக்கு எமன் ஆழம் இல்லை. முழுகிக் கிடக்கிற காம்பவுண்டு கேட்டின் ஈட்டி முனை, கம்பி வேலி, அறுந்து தொங்குகிற கரண்ட் ஒயர். ரப்பர் படகுக்கு ஒரு ஆணி போதும். பெரியவர்கள் துடுப்புப் போடும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் பார்க்கிற கண் அவளுடையது.

பையனுக்குக் கயிறும் தண்ணீர் இறைக்கிற கேனும். யாராவது தண்ணீரில் விழுந்தால் குதிக்கக்கூடாது. கழியை நீட்டு, எட்டாவிட்டால் காலிக் கேன் கட்டிய கயிறை வீசு, சத்தம் போடு. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதித்து இரண்டு பேரும் போகிற செய்தியை நாம் ஒவ்வொரு கோடையிலும் பேப்பரில் படிக்கிறோம். மாடியில் துவைக்கிற கல்லைக் குறி வைத்து இருபது தடவை வீசினான். பதினைந்தாவது தடவையில் பாட்டியின் வடாம் மேல் விழுந்தது. கம்பெனியில் அடிபடாமல் தப்பித்த சம்பவத்தை எழுத ஒரு நோட்டு இருக்குமாம். எங்கள் நோட்டில் முதல் பதிவு: 'வடாம், 1 தட்டு. உயிர்ச்சேதம் இல்லை.'

குட்டிக்கு என்ன வேலை? ஐந்து வயசு. அவளுக்குத் தலை எண்ணுகிற வேலை. ஏறினதும் ஒரு தடவை, இறங்கினதும் ஒரு தடவை, உரக்க. முதல் நாள் எண்ணினாள்: "மூணு!" மறுபடியும் எண்ணினாள். மூன்றுதான். படகில் நான்கு பேர். பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்துவிட்டு, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருத்தனை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுதார்களே, அதே கதை! வீரமாமுனிவர் எழுதி முந்நூறு வருஷம் ஆகப்போகிறது. மணிமங்கலத்தில் இன்னும் நடக்கிறது. எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம் மச்சான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்: "எண்ண ஆரம்பிக்கும்போது உன் நெஞ்சைத் தொட்டு 'நான் ஒண்ணு'ன்னு ஆரம்பிக்கணும்."

இனி சட்டதிட்டம். படகுக்கு ஒரே கேப்டன். அவன் மச்சான். கேப்டன் 'உட்காரு' என்றால் மாமியாரும் உட்கார வேண்டும். மாமியார் சம்மதித்தார், நான் சாட்சி.

ஆனால் கேப்டன் ராஜா இல்லை. கார் கம்பெனிகளில் ஒரு முறை உண்டு. ஜப்பானில் டொயோட்டாவில் ஆரம்பித்தது. லைனில் நிற்கிற எந்தத் தொழிலாளியும், புதுசாக வந்தவனும்கூட, தப்பு என்று பட்டால் தலைக்கு மேல் தொங்குகிற கயிறை இழுக்கலாம். சரிசெய்யாமல் லைன் நகராது. யாரும் திட்டக்கூடாது. மச்சான் அதைப் படகுக்குக் கொண்டுவந்தான். எந்தக் குழந்தை 'நிறுத்து' என்று சொன்னாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்கலாம்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "விளையாட்டுக்குச் சொல்லுவாங்க" என்றாள். முதல் நாள் சொன்னார்கள், பதினொரு தடவை. பதினொரு தடவையும் மச்சான் துடுப்பைக் கீழே வைத்தான். மூன்றாவது வாரம் யாரும் சொல்லவில்லை. நாலாவது வாரம், நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வந்த மச்சான், "சீக்கிரம், சீக்கிரம்" என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டிருந்தபோது பையன் கத்தினான்: "நிறுத்து!"

குட்டியின் ஜாக்கெட்டில் நடு பக்கிள் போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் ஐந்து பேர் பார்த்திருந்தோம். கண்ணில் பட்டது எட்டு வயசுக்காரனுக்குத்தான். மச்சான் எழுந்து பக்கிளைப் போட்டுவிட்டு, அவனிடம் கை கொடுத்தான். கம்பெனியில் எம்.டி. கை கொடுக்கிற மாதிரி. மனைவி அதற்கப்புறம் அந்த விதியைப் பற்றிப் பேசவில்லை.

நம் வீடுகளில் குழந்தைக்குச் சொல்லித் தருவதெல்லாம் 'கேள், பேசாதே' என்பதுதான். படகில் அது பாதிதான் உதவும். மீதிப் பாதி, பெரியவர்களை நிறுத்துகிற தைரியம். 2011 பழவேற்காட்டிலும் சரி, வடோதராவிலும் சரி, 'கூட்டம் ஜாஸ்தி, நான் ஏறமாட்டேன்' என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே நிற்கிற உரிமை ஒரு குழந்தைக்கு இருந்திருக்க வேண்டும். அதை நாம்தான் கொடுத்து வைக்க வேண்டும். தண்ணீர் கொடுக்காது.

கோடையில் மூன்று பேரையும் நீச்சலில் சேர்த்தோம். நீச்சல் குளத்துக்காரரிடம் பேசி, கூட்டமில்லாத ஒரு காலையில் படகையும் கொண்டுபோனோம். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஜாக்கெட்டோடு ஒவ்வொருவராக விழுந்து, கயிறைப் பிடித்து, ஏறிப் பழகினார்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். டெபிட்டுக்கு எதிரே கிரெடிட். பிள்ளைகள் இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஏழு தடவை ஆயிற்று.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயசுகூட ஆகாத குழந்தை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீச்சலும் ஆபத்தில்லாமல் உதவி செய்கிற முறையும் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது அந்த அமைப்பு. மணிமங்கலம் மாதிரி ஊரில் இது யாரோ ஒருவருடைய பிரச்னை இல்லை. ஏரிக்கரையில் மனை வாங்கி, 'லேக் வியூ' என்று பெயர் வைத்து, ஜன்னலை மட்டும் எதிர்ப்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், கராத்தே தெரியும். வாசலில் இருக்கிற தண்ணீரைத் தெரியாது.

2024 அக்டோபரில் பரீட்சை வந்தது. 16-ம் தேதிக்குச் சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, அந்த வாரம்தான். குழந்தைகள் மூன்று பேரும் படகை எடுக்கப் பறந்தார்கள். கேப்டன் உத்தரவு வேறு மாதிரி வந்தது: "படகு கடைசி வழி. தண்ணி வர்றதுக்கு முன்னாடி கிளம்பறதுதான் முதல் வழி."

தாம்பரம் சானடோரியத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு ஒரு வேன் பேசினோம். பெண், பாட்டியின் மாத்திரைகளையும் வீட்டுப் பத்திரத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினாள். பையன் மெயின் சுவிட்சை அணைத்தாயிற்றா என்று அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டான். மழை, பயமுறுத்திய அளவுக்குப் பெய்யவில்லை. எங்கள் தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. மூன்றாம் நாள் திரும்பியபோது, "படகை எடுக்கவே இல்லையே" என்று பையனுக்கு ஒரே வருத்தம்.

"எங்க கம்பெனியில தீயணைக்கிற சிலிண்டர் வருஷக்கணக்கா சுவத்துல தொங்குதுடா. இன்னும் தீ பிடிக்கலியேன்னு யாராவது வருத்தப்படறாங்களா?" என்றான் மச்சான்.

குட்டிக்கு மட்டும் எந்த வருத்தமும் இல்லை. அவளுக்குத்தான் வேலை இருந்ததே! வேனில் ஏறினதும் எண்ணினாள், இறங்கினதும் எண்ணினாள். இப்போது ஷேர் ஆட்டோ, கல்யாணப் பந்தி, பல் டாக்டர் வரவேற்பறை எதையும் விடுவதில்லை. போன வாரம் தாம்பரம் பஸ்ஸில், கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், ஜன்னலோரத்தில் நின்றுகொண்டு சத்தமாக ஆரம்பித்தாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளையே பார்த்தார்.

நெஞ்சைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்: "நான் ஒண்ணு..."